பள்ளி ஆலோசகர்: படிப்பும் பயிற்சியும் பதவியும்

ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் வழியில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது கோவில்பதாகை. வயலும் ஏரிப்பாசனமுமாக இருந்த ஊர் இன்று ஆவடி மாநகராட்சியின் குடியிருப்புப் பகுதியாகிவிட்டது. கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்திலிருந்து தள்ளி வந்தவர்கள், வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று பலதரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இந்த ஊரில் உளவியலில் பி.எஸ்சி. முடித்த ஒரு பெண், பள்ளி ஆலோசகராக வேண்டும் என்று விரும்பினால் அடுத்து என்ன படிக்க வேண்டும்? ஆசிரியராக பி.எட்., வழக்கறிஞராகச் சட்டப் படிப்பு என்று சட்டெனச் சொல்லிவிடலாம். பள்ளி ஆலோசகருக்கு அப்படி ஒரு விடை தமிழ்நாட்டில் கிடையாது. ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டிய அறைக்குள் இருப்பவர் ஈராண்டு முதுநிலைப் பட்டம் பெற்றவராக இருக்கலாம். சில வாரச் சான்றிதழோடு வந்தவராகவும் இருக்கலாம். கதவைத் தட்டும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

இந்தப் பயிற்சி எப்படித் தொடங்கியது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எங்கே இடறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளி ஆலோசகரைப் பட்டத்தின் பெயர் உருவாக்குவதில்லை, தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் பள்ளிக்குள் கழிக்கும் நேரமே உருவாக்குகிறது. அந்தப் பயிற்சியையும் நிரந்தரப் பணியிடத்தையும் சேர்த்தே கொண்டுவந்தால்தான் இரண்டும் நிலைக்கும் என்பது என் முடிவு.

எழுபது ஆண்டுப் பரிந்துரை

பள்ளியில் வழிகாட்டலுக்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. சுதந்திர இந்தியாவில் அதை முதலில் அழுத்தமாகச் சொன்ன ஆவணங்களில் ஒன்று, 1952-53ஆம் ஆண்டு இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. அக்குழுவின் தலைவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பள்ளிகளில் வழிகாட்டு அலுவலர்களையும் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களையும் படிப்படியாகப் பெருக்க வேண்டும், அவர்களுக்கான பயிற்சி மையங்களை மத்திய அரசு வட்டாரந்தோறும் திறக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பணியிடம், பயிற்சி இரண்டையும் சேர்த்து யோசித்த பரிந்துரை அது.

1954இல் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்திய அமைப்பு ஒன்று டெல்லியில் தொடங்கப்பட்டது. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. உருவானபின் அந்தப் பணி அதன் கீழ் வந்தது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. வழிகாட்டல் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி, அது தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது. பள்ளிக்கு ஒருவர் என்று போட நாட்டில் பணமும் ஆளும் இல்லை என்பதையும் உணர்ந்திருந்தது. ஆகவே குறைந்தபட்சமாக, பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சுற்றி வரும் ஆலோசகர் ஒருவர் என்று கணக்கிட்டது.

தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். கோத்தாரியின் கணக்குப்படியே பார்த்தால் 600 ஆலோசகர்களாவது தேவை. 2013 வாக்கில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய நடமாடும் ஆலோசனை மையங்களோ பத்து. ஒரு வாகனம், ஓர் உளவியலாளர், அவர் பொறுப்பில் மூன்று நான்கு மாவட்டங்கள். நோக்கம் நல்லது; போனவர்களும் உழைத்தார்கள். ஆனால் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவரிடம், வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. பிள்ளைக்குத் துணிவு வர, அதே முகத்தை அது பலமுறை பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பரிந்துரைகள் எழுதப்பட்ட காலத்தில் அமெரிக்கா எடுத்த வழி வேறு. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் அதிர்ச்சியில் அடுத்த ஆண்டே அமெரிக்கா ஒரு தேசியக் கல்விச் சட்டம் இயற்றியது. பள்ளிகளில் ஆலோசனைப் பணியை வளர்க்கவும், பல்கலைக்கழகங்கள் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கவும் அந்த ஒரே சட்டம் பணம் ஒதுக்கியது. திறமையான மாணவர்களை அறிவியலுக்குத் திருப்ப வேண்டும் என்ற அரசியல் நோக்கம் அதற்குப் பின்னால் இருந்தது உண்மை. ஆனால் பயிற்சியும் வேலையும் கைகோத்து வளர்ந்ததால் அங்கே அது ஒரு தனித் தொழிலாக நிலைபெற்றது. நம்மிடம் பரிந்துரை முன்பே இருந்தது, பணம் பின்தொடரவில்லை.

இன்றுள்ள வழிகள்

இப்போது நம் கோவில்பதாகைப் பெண்ணின் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, ஆலோசனை உளவியலில் நேரடி முதுநிலைப் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943இலேயே தொடங்கிவிட்டது. ஆலோசனை உளவியலுக்கென்று தனித்துறையும் அங்கு உண்டு. லயோலா கல்லூரி, சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவையும் இப்படிப்பை நடத்துகின்றன. கோவில்பதாகையிலிருந்து ஆவடி ரயில் நிலையம் வந்து, மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பார்க் நிலையத்துக்கு நடந்து இன்னொரு ரயில் ஏறிப் படிக்க வேண்டிய படிப்பு. ஆளுமைக் கோட்பாடுகள், உளவியல் சோதனைகள், ஆலோசனை முறைகள், ஆய்வேடு, களப்பயிற்சி என்று பாடத்திட்டம் விரிவானது. ஆனால் இது பள்ளி ஆலோசகருக்காக மட்டும் வகுத்த படிப்பல்ல. மருத்துவமனை, தொழிற்சாலை, போதை மீட்பு மையம், குடும்ப ஆலோசனை எல்லாவற்றுக்கும் பொதுவானது. களப்பயிற்சியின் மணிக்கணக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஒரு நாள்கூட அரசுப் பள்ளிக்குள் நுழையாமல் பட்டம் வாங்கிவிடவும் முடியும்.

இரண்டாவது வழி, தொலைநிலைக் கல்வி. வேலைக்குப் போய்க்கொண்டோ பிள்ளைகளை வளர்த்துக்கொண்டோ படிக்க விரும்பிய ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்திய உளவியல் எம்.ஏ. கைகொடுத்தது. அந்த வாசல் இப்போது மூடப்பட்டுவிட்டது. மருத்துவம் சார் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. தரத்தை நோக்கினால் இது நியாயமான முடிவு. அஞ்சலில் வரும் புத்தகம், அழுதுகொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எதிரே உட்காரக் கற்றுத்தராது. ஆனால் ஒரு வாசலை மூடும்போது, புறநகரில் இருப்பவருக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு வாசலைத் திறக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. அது நடக்கவில்லை.

மூன்றாவது, என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயம். பணியில் இருக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து வகுத்த ஓராண்டுப் படிப்பு இது. ஆறு மாதம் வீட்டிலிருந்து படிப்பு, மூன்று மாதம் நேர்முக வகுப்பு, மூன்று மாதம் தம் சொந்த ஊரிலேயே களப்பயிற்சி. நமக்கு அருகில் உள்ள மையம் மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனம். பள்ளியை மையமாக வைத்த நல்ல வடிவம். ஆனால் இடங்கள் குறைவு. மூன்று மாதம் மைசூருவில் தங்கக் குடும்பமும் துறையும் விடுப்புத் தர வேண்டும்.

நான்காவது, சமூகப்பணி முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. இதில் களப்பணி முதுகெலும்பு. வாரந்தோறும் களத்துக்குப் போயே ஆக வேண்டும். குடும்பத்தையும் தெருவையும் அரசு அலுவலகத்தையும் கையாளும் தெம்பு இவர்களுக்கு அதிகம். தனிநபர் ஆலோசனையின் நுணுக்கத்தில் உளவியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் ஆழம் குறைவு.

மருத்துவ உளவியலாளர் என்பது இவற்றிலிருந்து வேறான தொழில். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர் மட்டுமே அப்பெயரில் பணியாற்றலாம். நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவது அவர் வேலை. சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை நேரத்தோடு இனங்கண்டு அவரிடம் அனுப்புவதும், தேவைப்படாத பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே துணை நிற்பதும் பள்ளி ஆலோசகரின் வேலை. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகக் கற்பிக்காத பயிற்சி இரு பக்கமும் ஆபத்தானது.

அறுநூறு மணி நேரம்

அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் காக்ரெப் என்ற அமைப்பு 1981இலிருந்து இயங்குகிறது. பள்ளி ஆலோசகருக்கு அது கேட்கும் குறைந்தபட்சத் தகுதி 60 கிரெடிட் கொண்ட முதுநிலைப் பட்டம். அதற்குள் முதலில் 100 மணி நேரத் தொடக்கநிலைப் பயிற்சி. பின்னர் பள்ளியிலேயே 600 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடியாக மாணவர்களோடு. வாரந்தோறும் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டோம், எங்கே அவசரப்பட்டோம், எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று அலச வேண்டும்.

அந்த நாட்டு ஏற்பாட்டை அப்படியே இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை பல மாநிலங்களில் எட்டப்படவில்லை. ஆனால் மேற்பார்வையில் கழித்த நேரத்தைத் தகுதியின் அளவுகோலாக வைத்தது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். நம் படிப்புகளில் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். களப்பயிற்சி என்ற பெயரில் ஒரு மாதம் போய், கையெழுத்து வாங்கி, ஏடு கட்டிச் சமர்ப்பித்தால் முடிந்தது. அந்தப் பள்ளியில் பயிற்சி மாணவருக்கு மூத்த ஆலோசகர் யாரும் இருப்பதில்லை. மேற்பார்வையிட ஆளில்லாத இடத்தில் மேற்பார்வை எப்படி நடக்கும்?

மேற்பார்வையில் கழிக்கும் நேரத்தில் கற்க வேண்டியவை பல. தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்டறிவது அவற்றில் முதன்மையானது. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அக்கறையோடு கேட்பது பிள்ளையைக் காப்பாற்றும் என்பதே துறையின் தெளிந்த முடிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பிள்ளைகள் என்று இதற்குப் பொருள்.

அடுத்தது சட்டம். பிள்ளை சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது ஆலோசகரின் அடிப்படை அறம். ஆனால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. “யாரிடமும் சொல்ல மாட்டீங்கதானே, மிஸ்?” என்று கேட்கும் பிள்ளையிடம் பொய்யான உறுதிமொழி தராமல், அதேசமயம் அதன் வாயை அடைத்துவிடாமல் என்ன பதில் சொல்வது? புத்தகத்தில் பத்து வரியில் இருக்கும் இந்த விஷயத்தை மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க யாரை அழைப்பது, 1098 எண்ணுக்குச் சொன்னபின் குழந்தைகள் நலக் குழுவில் என்ன நடக்கும், மாற்றுத்திறன் பிள்ளைக்குத் தேர்வில் என்ன சலுகைகள் உண்டு என்பதெல்லாம் இதே வகைதான்.

எந்தப் பிள்ளைகளுக்காக, எந்த மொழியில்

ஆவடி வட்டாரப் பிள்ளைகளின் வாழ்க்கையை அறியாமல் அவர்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது; 2022இல் முதலமைச்சர் அங்கு போய் வந்தபின் பலருக்கும் அது தெரியவந்தது. ஊசிமணி பாசிமணி விற்கப் பெற்றோர் ஊர் ஊராகப் போகும்போது படிப்பு அறுந்துபோகும் பிள்ளைகள் அங்கே உண்டு. செங்குன்றத்தை அடுத்த புழலில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும் குடியுரிமைக் கேள்வி முன்னால் நிற்கும் பிள்ளைகள் அங்கே. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஒடியாவும் இந்தியும் வீட்டில் பேசித் தமிழில் படிக்கும் பிள்ளைகள். இரவு ஷிஃப்டில் அம்மா, குடியில் அப்பா என்ற வீடுகள். சாதிக் கயிறு கட்டி வரும் மாணவனும், அதைக் கண்டு ஒதுங்கும் மாணவனும் படிக்கும் வகுப்பறைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

நம் முதுநிலைப் படிப்புகளில் பாடப்புத்தகம் ஆங்கிலம், எடுத்துக்காட்டு அமெரிக்கா, தேர்வும் ஆங்கிலம். பட்டம் பெற்று வருபவருக்கு ‘பதற்றக் கோளாறு’ பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுத முடியும்; “நெஞ்சு படபடன்னு அடிக்குது, எனக்கு யாரோ செஞ்சு வச்சுட்டாங்கன்னு பாட்டி சொல்றாங்க” என்று சொல்லும் பெண்ணிடம் பேச்சைத் தொடரத் தெரியாது. உளவியல் சோதனைகளிலும் தமிழ்ப் பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்துத் தரப்படுத்தியவை குறைவு.

இந்த விஷயத்தில் நாம் இலங்கைத் தமிழரிடம் கற்க வேண்டும். போரின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மனநல மருத்துவர் சிவயோகனும் தமிழ்ச் சமூகத்துக்கேற்ற உளநலக் கையேட்டை உருவாக்கினார்கள். ஆசிரியர்களும் ஊர்ப் பணியாளர்களும் உளவளத்துணைப் பயிற்சி பெற்றார்கள். சாந்திகம் போன்ற அமைப்புகள் அதை நடத்தின. கோயில், சடங்கு, உறவுமுறை ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், துயர் ஆற்றும் வழிகளாகவும் பார்க்க அந்தப் பயிற்சி கற்றுத்தந்தது. குண்டு விழும் ஊரில் தமிழில் அது முடிந்ததென்றால் சென்னையில் ஏன் முடியாது?

பதவி இல்லாத படிப்பு

நம் பெண் எல்லாம் படித்து முடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வேலை எங்கே?

ஆவடியில் படைத்துறை, சி.ஆர்.பி.எஃப். வளாகங்களை ஒட்டிக் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் பல இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயாக்கள் ஆலோசகரை ஒப்பந்த முறையில் எடுப்பது வழக்கம். உளவியலில் இளநிலைப் பட்டமும் ஆலோசனைப் பட்டயமும் கேட்பார்கள். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடியும். சிபிஎஸ்இ வாரியத்தின் 2018 இணைப்பு விதிகள் பள்ளிக்கு ஆலோசகரைக் கட்டாயமாக்கின. ஆனால் உளவியல் பட்டம் அல்லது ஏதேனும் பட்டத்தோடு ஒரு பட்டயம் இருந்தால் போதும் என்றன. மேற்பார்வைப் பயிற்சி பற்றி அவை பேசவில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகருக்கே பதிலி வகுப்பும், சேர்க்கைக் காலத்தில் வரவேற்பு வேலையும் தரப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இப்படி ஒரு நிரந்தரப் பணியிடமே இல்லை.

கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை பள்ளி ஆலோசகர்களை நியமித்திருக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் கல்வி, தொழில் வழிகாட்டு ஆலோசகர் என்ற பதவி உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதிய வன்கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளி நல அலுவலர்களையும் ஒன்றிய அளவில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் நியமிக்கச் சொன்னது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சுக்தேப் சாகா வழக்கில், நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. சட்டம் வரும்வரை அந்த வழிகாட்டுதல் நாடு முழுக்கச் செல்லும்.

நீதிமன்றம் கேட்ட அந்தப் பயிற்சியை எப்படி அளப்பது என்று யாரும் வரையறுக்கவில்லை. வரையறுக்காமல் நியமனம் தொடங்கினால், வார இறுதிச் சான்றிதழ்க் கடைகளே பெருகும்.

ஆசிரியரே போதாதா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தால் போதும் என்பது. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டும் ஆசிரியர்கள் செய்துவரும் பணி மதிப்புக்குரியது. எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை என்று தெரியாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது வெளிச்சம். பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் பார்ப்பவரும் வகுப்பாசிரியரே. ஆனால் மதிப்பெண் போடுகிறவரிடமும், தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமும் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லாது; புகாரே ஓர் ஆசிரியர் மீது என்றால் நிலைமை இன்னும் சிக்கல். எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், தேர்வுப் பணி, தேர்தல் பணி என்று ஆசிரியரின் தோளில் ஏற்கெனவே சுமை அதிகம். ஆசிரியர் கவனித்து அனுப்பட்டும்; உட்கார்ந்து கேட்கத் தனியே ஒருவர் இருக்கட்டும்.

உதவி எண்கள் இருக்கின்றனவே என்றும் சொல்வார்கள். 14417 கல்வி உதவி எண்ணும், 14416 மனநல உதவி எண்ணும் அவசர நேரத்தில் உயிர் காக்கும் ஏற்பாடுகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சொந்தமாகக் கைப்பேசி இல்லாத பிள்ளை, ஒற்றை அறை வீட்டிலிருந்து யாருக்கும் கேட்காமல் எப்படிப் பேசும்?

செய்ய வேண்டியது

தமிழ்நாடு அரசும் பல்கலைக்கழகங்களும் நான்கு காரியங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும். முதலாவது, பள்ளி ஆலோசனைக்கென்று தனி ஈராண்டு முதுநிலைப் படிப்பு. அதில் மேற்பார்வையுடன் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியில், பாதியாவது அரசுப் பள்ளியில். உளவியல், சமூகப்பணி, பி.எட். முடித்தவர்கள் யாரும் சேரலாம். பணியிலுள்ள ஆசிரியருக்கு ஊதியத்துடன் விடுப்பு. இரண்டாவது, வகுப்பும் வழக்கு அலசலும் தேர்வும் தமிழில். மூன்றாவது, ஒன்றியத்துக்கு ஒருவர் என்று தொடங்கிப் பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்ற அளவுவரை நிரந்தரப் பணியிடம். மூத்தவர்களே அடுத்த தலைமுறைக்கு மேற்பார்வையாளர்கள். நான்காவது, பெற்றோர் எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய மாநிலப் பதிவேடு.

இதைத் தொடங்க ஆவடி மாநகராட்சிப் பகுதி பொருத்தமான இடம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா என்று எல்லா வகையும் இங்கே சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நகரத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து ரயிலில் வந்து போகும் தூரம். மூன்று ஆண்டு இங்கே நடத்திப் பார்த்து, கண்டதை எழுதி வெளியிட்டால் மாநிலத்துக்கே வழி கிடைக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இங்கே ஆலோசகர் இருக்கிறாரா, என்ன படித்திருக்கிறார், யார் மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயின்றார் என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். 1953இல் ஒரு சென்னைத் துணைவேந்தர் தலைமையிலான குழு எழுதிக் கொடுத்ததை இனியும் கேட்காமல் இருக்க நமக்கு உரிமை இல்லை.